கத்தி ஓய்ந்த பிறகு வரும் வலி: ஜவ்வு அறுவையில் ஸ்டீராய்டின் இடம்

ஜவ்வு விலகலுக்கு அறுவை முடிந்து, மயக்கம் தெளிந்து வார்டுக்கு வருகிறவரிடம் மருத்துவர் முதலில் கேட்பது “கால் எப்படி இருக்கிறது?” என்றுதான். கத்தி பட்டது முதுகில். கேள்வியோ காலைப் பற்றி. இடுப்பில் தொடங்கிப் பிட்டம், தொடையின் பின்பக்கம், கெண்டைக்கால், பாதம் என்று மின்சாரம் பாய்வதுபோல் இறங்கும் சயாட்டிகா வலியை நிறுத்துவதற்காகத்தான் பிதுங்கிய ஜவ்வுத் துண்டை எடுக்கிறார்கள். பலர் கண் விழித்ததுமே “கால் வலி போய்விட்டது” என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ சிலருக்கு அதே வழித்தடத்தில் ஒரு இழுப்பு மெல்லத் திரும்பும். முதுகில் தையல் போட்ட இடமும் அதைச் சுற்றிய தசையும் தனியாக வலிக்கும். அறுவை தோற்றுவிட்டதோ என்று வீடே கலங்கும்.

அந்த முதல் சில நாட்களின் வலியைத் தணிப்பதற்காக, அறுவை நடக்கும்போதே ஸ்டீராய்டு கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. வீட்டுக்கு அனுப்பும்போது தரும் குறிப்பில் ‘மீதைல்பிரெட்னிசோலோன் 40 மில்லிகிராம்’ என்றோ ‘டெக்ஸாமெதசோன் 8 மில்லிகிராம்’ என்றோ ஒரு வரி இருக்கும். அதைப் படித்து, இணையத்தில் தேடி, ஸ்டீராய்டு என்று தெரிந்ததும் அதிர்ந்துபோகிறவர்கள் ஏராளம்.

அந்த அதிர்ச்சியை நான் குறைசொல்லமாட்டேன். விளையாட்டு வீரர்கள் பிடிபடும் செய்திகளில் வரும் ‘ஊக்கமருந்து’ ஒருபுறம் மனத்தில் நிற்கிறது. அது தசை வளர்க்கும் அனபாலிக் வகை. இங்கே பேசுவது வேறு வகை. மறுபுறம் 2021-இல் கொரோனா இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை நோய் பரவியபோது, அளவு மீறிய ஸ்டீராய்டும் கட்டுப்படாத சர்க்கரையும் சேர்ந்து செய்த கேட்டை நாடே பார்த்தது. மூட்டு வலிக்கென்று விற்கும் பொடிகளில் சொல்லாமல் ஸ்டீராய்டு கலப்பவர்களும் உண்டு. பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அது எந்த அளவைப் பார்த்து, எத்தனை நாள் மருந்தைப் பார்த்து வரவேண்டிய பயம் என்பதைப் பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் வலி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். 1934-இல் பாஸ்டன் நகரின் மிக்ஸ்டர், பார் என்ற இரு அறுவை மருத்துவர்கள், முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு கிழிந்து பிதுங்கி நரம்பை அழுத்துவதுதான் சயாட்டிகாவுக்குக் காரணம் என்று விளக்கி எழுதினார்கள். அதன்பின் பல பத்தாண்டுகள் ‘அழுத்தம்’ என்ற ஒரே சொல்லில் எல்லாம் அடங்கிவிட்டது. குழாயில் கல் அடைத்திருக்கிறது, கல்லை எடுத்தால் தண்ணீர் ஓடும் என்பதுபோல.

கணக்கு முழுதாக ஒத்துவரவில்லை. 1994-இல் அமெரிக்காவில், முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, 52 சதவீதம் பேருக்கு, ஏதாவது ஒரு ஜவ்வு உப்பியிருந்தது. 27 சதவீதம் பேருக்குப் பிதுங்கியே இருந்தது. அவர்கள் வலியின்றி நடமாடிக்கொண்டிருந்தார்கள். இன்னொருவருக்கோ படத்தில் சின்னஞ்சிறு பிதுக்கம்தான் தெரியும். ஆள் படுக்கையில் புரண்டு துடிப்பார்.

இந்தப் புதிரின் ஒரு முடிச்சை ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் ஓல்மார்க்கரும் ரிடெவிக்கும் அவர்களுடைய குழுவினரும் அவிழ்த்தார்கள். ஜவ்வின் நடுவில் நுங்குபோல் வழுவழுப்பான உட்கரு ஒன்று இருக்கிறது. 1993-இல் பன்றிகளின் உடலிலிருந்தே அந்த உட்கருவை எடுத்து, எந்த அழுத்தமும் கொடுக்காமல், தண்டுவடத்திலிருந்து கிளம்பும் நரம்பு வேர்களின் மேல் வைத்துப் பார்த்தார்கள். வெறுமனே மேலே படிந்திருந்ததற்கே நரம்பின் வேகம் குறைந்தது. அதன் இழைகள் பழுதுபட்டன. அழுத்தம் மட்டும் குற்றவாளி இல்லை, அந்த உட்கருவே நரம்புக்கு எரிச்சலூட்டும் பொருள் என்பது அன்று புலப்பட்டது. அது இரத்தக் குழாய்கள் இல்லாத இடத்தில் வாழ்நாள் முழுவதும் அடைபட்டுக் கிடப்பது. வெளியே கசிந்தால் உடலின் காவல் படை அதை அந்நியனாகப் பார்க்கிறது. பாஸ்போலிபேஸ் ஏ2 என்ற நொதியும், டி.என்.எஃப். போன்ற அழற்சிப் புரதங்களும் அங்கே பெருகுகின்றன. நரம்பு வீங்குகிறது, சாதாரண அசைவுக்கும் வலியென்று கத்துகிறது.

அதே குழு 1994-இல் செய்த அடுத்த சோதனைதான் நம் கதைக்கு நேராகப் பொருந்துவது. உட்கருவை நரம்பின் மேல் வைத்த பன்றிகளுக்கு மீதைல்பிரெட்னிசோலோனைச் சிரை வழியாகக் கொடுத்தார்கள். 24 மணி நேரத்துக்குள் கொடுத்தபோது நரம்பின் பழுது குறைந்தது. ஸ்டீராய்டுக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது என்பதற்கும், அந்த வேலைக்கு நேரம் முக்கியம் என்பதற்கும் இது ஆதாரமானது.

ஆகவே அறுவை மருத்துவர் துண்டை எடுக்கும்போது அழுத்தம் அந்தக் கணமே நீங்குகிறது. அழற்சி அந்தக் கணமே நீங்குவதில்லை. வாரக்கணக்கில் வெந்துபோயிருந்த நரம்பு வேரை, துண்டை எடுப்பதற்காக ஒருபுறம் ஒதுக்கிப் பிடிக்கவும் வேண்டியிருக்கிறது. பழைய எரிச்சலோடு இந்தப் புதிய எரிச்சலும் சேர்ந்துகொள்கிறது. மூன்றாம் நாள் திரும்பும் அந்த இழுப்பு பெரும்பாலும் இதுதான்.

“சின்னத் துளைதானே போட்டார்கள், ஏன் வலிக்கிறது?” என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. 1977-இல் யாசர்கிலும் காஸ்பரும் நுண்ணோக்கியை ஜவ்வு அறுவைக்குக் கொண்டுவந்தபோதே வெட்டு சுருங்கத் தொடங்கியது. 1997-இல் ஃபோலியும் ஸ்மித்தும் தசையை வெட்டாமல் விலக்கி நுழையும் குழாய் முறையை அறிமுகப்படுத்தினார்கள். இன்று ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான துளை வழியாக எண்டோஸ்கோப் செலுத்தி, நோயாளி விழித்திருக்கும்போதே துண்டை எடுக்கிறார்கள். தோலுக்கும் தசைக்கும் இது பெரும் நன்மைதான். உள்ளே நரம்பு வேரின் அருகில் நடக்கும் வேலை மட்டும் ஏறக்குறைய அதே வேலை. நெதர்லாந்தில் 328 நோயாளிகளிடம் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், குழாய் முறையில் அறுவை செய்துகொண்டவர்கள் வழக்கமான நுண்ணோக்கி முறையில் செய்துகொண்டவர்களைவிட நன்றாக இருக்கவில்லை. கால் வலியும் முதுகு வலியும் அவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே இருந்தன. பக்கவாட்டில், நரம்பு வெளியேறும் துவாரத்தின் வழியாக எண்டோஸ்கோப் நுழையும்போது நரம்பு முடிச்சு உரசப்பட்டு, சிலருக்குக் காலில் எரிச்சலும் கூச்சமும் புதிதாகத் தோன்றுவதும் உண்டு. ‘வலியே இல்லாத அறுவை’ என்று விளம்பரம் செய்வது நோயாளிக்குச் செய்யும் அநீதி. எதிர்பார்ப்பை அப்படி ஏற்றிவிட்டால், சாதாரணமாக வரக்கூடிய மூன்றாம் நாள் வலியே அவருக்குப் பேரிடியாகிவிடுகிறது.

இனி மருந்துக்கு வருவோம். அட்ரினல் சுரப்பி நாள்தோறும் சுரக்கும் கார்ட்டிசோல் என்ற ஹார்மோனின் உறவினர்கள்தான் இந்த மருந்துகள். 1948-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில், முடக்குவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் கொடுத்தபோது சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். இந்த ஹார்மோன்களை ஆராய்ந்த ஹென்ச், கெண்டால், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் 1950-இல் நோபல் பரிசு கிடைத்தது. நீண்ட நாள் கொடுத்தால் முகம் உப்புவதும் எலும்பு தேய்வதும் சர்க்கரை ஏறுவதும் வெகு விரைவில் தெரிந்துபோயின. இந்த மருந்தின் வரலாறு முழுக்க அப்படித்தான்: எவ்வளவு, எத்தனை நாள் என்ற கேள்வியில்தான் நன்மையும் கேடும் பிரிகின்றன. 1952-இல் இத்தாலியில் முதுகுத்தண்டின் உறைக்கு வெளியே ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்டு சயாட்டிகாவுக்குச் சிகிச்சை அளித்தது பதிவாகியிருக்கிறது. அறுவையின் முடிவில் நரம்பின் மேலேயே மருந்தை வைக்கும் எண்ணம் அந்த மரபின் நீட்சி.

ஜவ்வு அறுவையில் ஸ்டீராய்டு மூன்று வழிகளில் வருகிறது. மயக்க மருத்துவர் அறுவை தொடங்கும்போது சிரை வழியாக டெக்ஸாமெதசோன் கொடுக்கலாம். அறுவை மருத்துவர் துண்டை எடுத்தபின், மீதைல்பிரெட்னிசோலோன் கரைசலை நரம்பு வேரின் மேல் விடலாம். அல்லது கொழுப்புத் துணுக்கிலோ ஜெலட்டின் பஞ்சிலோ நனைத்து அங்கே வைத்து மூடலாம். வீடு திரும்பியபின் சில நாட்களுக்கு மாத்திரையாகவும் தரலாம். அழற்சியைத் தணிக்கும் ஆற்றலில் 8 மில்லிகிராம் டெக்ஸாமெதசோன் ஏறக்குறைய 40 மில்லிகிராம் மீதைல்பிரெட்னிசோலோனுக்கு ஈடு. வலிமை ஒன்றுதான், போய்ச் சேரும் இடமும் தங்கும் காலமும் வேறு.

டெக்ஸாமெதசோனை அறுவை முடிந்தபின் கொடுக்காமல் தொடக்கத்திலேயே கொடுப்பதற்குக் காரணம் உண்டு. இது வலி மாத்திரைபோல் அரை மணியில் வேலை செய்வதில்லை. செல்லுக்குள் போய், அழற்சிப் பொருட்களை உண்டாக்கும் மரபணுக்களின் வேலையை அடக்கவேண்டும். அதற்குச் சில மணி நேரம் ஆகும். மயக்கம் தெளியும் நேரத்தில் பலன் வேண்டுமென்றால் விதையை முன்னதாகவே ஊன்றவேண்டும். விழித்திருப்பவருக்கு இதை வேகமாகச் செலுத்தினால் பிறப்புறுப்புப் பகுதியில் தாங்கமுடியாத அரிப்பு சில விநாடிகளுக்கு வரும். எண்டோஸ்கோப் அறுவையில் நோயாளி விழித்தே இருப்பதால், மெதுவாகச் செலுத்துவதும் முன்கூட்டிச் சொல்லிவைப்பதும் நல்லது. ஆபத்தில்லாத சிறு சங்கடம்தான். சொல்லாமல் விட்டால் மேசையிலேயே ஆள் பதறிவிடுவார்.

பலன் எவ்வளவு? நரம்பின் மேல் வைக்கும் முறையைப் பல நாடுகளில் சோதித்திருக்கிறார்கள். டென்மார்க்கில் 40 மில்லிகிராம் மீதைல்பிரெட்னிசோலோன் வைத்து, 2 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், மருந்து பெற்றவர்கள் சீக்கிரம் தேறினார்கள். நரம்புக் குறைபாடும் அவர்களிடம் குறைவாக இருந்தது. இதுபோன்ற ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: முதல் சில நாட்களில் வலி குறைகிறது, வலிநிவாரணிகளின் தேவை குறைகிறது, மாதங்கள் கடந்தபின் மருந்து பெற்றவருக்கும் பெறாதவருக்கும் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு தெரிவதில்லை. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை வழக்கமான வெட்டிலும் நுண்ணோக்கி முறையிலும் நடந்தவை. எண்டோஸ்கோப் முறைக்கான சான்று இவற்றைவிட மெலிந்தது.

சில நாட்களின் நிம்மதிக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். அந்தச் சில நாட்கள் எப்படிப்பட்டவை என்பதை உடனிருந்து பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். வலி தணிந்தவர் அன்று மாலையே எழுந்து நடக்கிறார். வலி தணியாதவருக்கு டிரமடால் போன்ற வலிநிவாரணியைக் கூட்டுகிறார்கள். அது குமட்டலைத் தருகிறது. வாந்தி எடுக்கும்போது இடுப்பு குலுங்கி வலி ஏறுகிறது. மலச்சிக்கல் வருகிறது; முக்கும்போது மறுபடி வலி. சிறுநீர் பிரிவதற்கே சிரமப்படுகிறவர்களும் உண்டு. டெக்ஸாமெதசோன் குமட்டலையும் வாந்தியையும் தடுக்கும் மருந்தும்கூட என்பதால் இந்தச் சுழலை இரண்டு இடத்தில் அறுக்கிறது. 70 வயது மூதாட்டி ஒருவர் முதல் இரவைத் தூங்கிக் கழிப்பதை நான் சிறிய பலன் என்று சொல்லமாட்டேன்.

எதிர்ப்பக்கத்தில் முதலாவதாக நிற்பது சர்க்கரை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் துணைநின்று 2023-இல் வெளியான கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு. ஜவ்வு அறுவைக்கு வரும் நடுத்தர வயதினரில் கணிசமானவர்கள் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்களாகத்தான் இருப்பார்கள். ஒரே ஒரு ஊசி டெக்ஸாமெதசோன்கூட அன்றும் மறுநாளும் சர்க்கரையை ஏற்றிவிடும். சர்க்கரை ஏறினால் புண் ஆறுவது தாமதமாகும், கிருமிக்குக் கொண்டாட்டம். இந்தக் கவலை எவ்வளவு நியாயம் என்பதைப் பார்க்க ஆஸ்திரேலியா, நியூசிலாந்து முதலிய நாடுகளில் பலவகை அறுவைகளுக்கு வந்த 8,700-க்கும் மேற்பட்டவர்களிடம் ஒரு பெரும் ஆய்வு நடந்து 2021-இல் முடிவு வெளியானது. 8 மில்லிகிராம் டெக்ஸாமெதசோன் பெற்றவர்களில் 8.1 சதவீதம் பேருக்கும், வெறும் உப்புநீர் ஊசி பெற்றவர்களில் 9.1 சதவீதம் பேருக்கும் அறுவைப் புண்ணில் கிருமி பிடித்தது. ஆக, ஒரு வேளை ஸ்டீராய்டு கிருமித்தொற்றைக் கூட்டவில்லை. ஆய்வில் நீரிழிவு உள்ளவர்களும் இருந்தார்கள். சர்க்கரை மிகவும் கட்டுமீறி இருந்தவர்களைச் சேர்க்கவில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை மறந்துவிட்டு முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொள்வது ஆபத்து. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. 6 மாதம் கழித்தும் வலி நீடித்தவர்கள் டெக்ஸாமெதசோன் பெற்றவர்களில் 8.7 சதவீதம், பெறாதவர்களில் 7.4 சதவீதம். வித்தியாசம் சிறியது; ஆனாலும் நீண்ட நாள் வலியைத் தடுக்க இந்த ஊசியை நம்பக்கூடாது என்பதை அது சொல்கிறது.

சிரையில் போடும் ஊசிக்கான இந்த ஆறுதலை நரம்பின் மேல் வைக்கும் மருந்துக்கு அப்படியே மாற்றிவிடக்கூடாது. அங்கே மருந்து ஒரே இடத்தில் நாள்கணக்கில் தங்கி, அந்த இடத்தின் எதிர்ப்பாற்றலையே தணிக்கிறது. ஜவ்வுக்கு இரத்த ஓட்டம் மிகக் குறைவு என்பதால் அங்கே கிருமி நுழைந்தால் விரட்டுவது கடினம். அறுவையில் வைத்த மீதைல்பிரெட்னிசோலோனுக்குப் பின் சீழ்க்கட்டி உண்டானதைப் பற்றிய எச்சரிக்கை 2000-ஆம் ஆண்டிலேயே மருத்துவ ஏட்டில் வந்திருக்கிறது. அரிதானதுதான், வந்தால் இரண்டாவது அறுவை, வாரக்கணக்கில் சிரைவழி நோய்க்கொல்லி மருந்து என்று நீளும். அறுவையின்போது தண்டுவட உறையில் தெரியாமல் கிழிசல் விழுந்திருந்தால் இந்த மருந்தை அங்கே வைக்கக்கூடாது. உறைக்குள் கசிந்தால், கரைசலில் சேர்த்திருக்கும் பொருட்களே நரம்புகளைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வில் அழற்சியை உண்டாக்கிவிடக்கூடும்.

இந்த மருந்தைப் பற்றிப் பேசும்போது 2012-ஐத் தாண்டிப் போகமுடியாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு மருந்தகக் கூடத்தில் தயாரான மீதைல்பிரெட்னிசோலோன் குப்பிகளில் பூஞ்சை கலந்துவிட்டது. முதுகு வலிக்கும் மூட்டு வலிக்கும் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர்களில் 20 மாநிலங்களில் 753 பேர் மூளைக்காய்ச்சல் முதலிய நோய்களுக்கு ஆளானார்கள். அடுத்த ஆண்டுக்குள் 64 பேர் இறந்துபோனதாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்கிட்டது. அது அறுவையில் வைத்த மருந்து அன்று. குற்றம் தயாரிப்பின் தூய்மைக்கேட்டில் இருந்தது. ஆனால் தண்டுவடத்துக்கு இவ்வளவு அருகில் போகும் ஒரு பொருளில் தூய்மை தவறினால் என்ன நேரும் என்பதற்கு அதைவிடக் கொடிய சாட்சி வேண்டியதில்லை. 2014-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், முதுகுத்தண்டு உறைக்கு வெளியே போடும் ஸ்டீராய்டு ஊசிகளால் அரிதாகப் பார்வையிழப்பும் பக்கவாதமும் மரணமும் நேரக்கூடும் என்று தனியாக எச்சரித்தது.

மாத்திரை வழியைப் பற்றி நீளப் பேசவேண்டியதில்லை. அறுவைக்கு வராத சயாட்டிகா நோயாளிகள் 269 பேருக்கு 15 நாள் பிரெட்னிசோன் மாத்திரையை 60, 40, 20 மில்லிகிராம் என்று இறக்கிக் கொடுத்த ஆய்வு 2015-இல் வெளியானது. நடமாட்டம் கொஞ்சம் மேம்பட்டது, வலி குறையவில்லை. அறுவைக்குப் பிறகு தானாகவே மருந்துக்கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி நாள்கணக்கில் விழுங்குகிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. அறுவை மேசையில் ஒரு வேளை கொடுத்ததும் இதுவும் ஒன்றில்லை. வாரக்கணக்கில் விழுங்கினால் அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்துபோகிறது. திடீரென்று நிறுத்தினால் உடல் தளர்ந்து விழுகிறது. காய்ச்சலையும் இந்த மருந்து மறைத்துவிடும். புண்ணில் சீழ் வைத்திருப்பது தெரியாமலே நாட்கள் ஓடிவிடும்.

வலி நீடித்தால் ஸ்டீராய்டைக் கூட்டுவதற்கு முன்னால் காரணத்தைத் தேடவேண்டும். நூறு பேரில் 5 முதல் 15 பேர் வரை அதே இடத்தில் மறுபடி ஜவ்வு பிதுங்குவதைச் சந்திக்கிறார்கள். நன்றாக இருந்த கால் திடீரென்று பழைய வேகத்தில் வலித்தால் அதை முதலில் சந்தேகிக்கவேண்டும். பாதத்தைத் தூக்க முடியாமல் போவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது, குதிரைச் சேணத்தில் உட்காரும் பகுதி மரத்துப்போவது, இரவில் முதுகில் குடையும் வலியோடு காய்ச்சல் வருவது ஆகியவற்றில் எது வந்தாலும் மறுநாள் காலை வரை காத்திருக்கக்கூடாது.

அறுவைக்கு முன் மயக்க மருத்துவர் பார்க்க வரும்போது பெரும்பாலும் ஐந்து, பத்து நிமிடம்தான் இருப்பார். அதற்குள் சில விவரங்களை அவரிடம் சொல்லிவிடுவது நல்லது: சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, ஆஸ்துமாவுக்கோ மூட்டு வாதத்துக்கோ ஏற்கெனவே ஸ்டீராய்டு எடுத்திருந்தால் எத்தனை நாள், எவ்வளவு, காசநோய் இருந்ததா, அண்மையில் முதுகில் வலி ஊசி போட்டுக்கொண்ட தேதி, பெயர் தெரியாத பொடியோ லேகியமோ சாப்பிட்டிருந்தால் அதுவும். வீடு திரும்பும்போது, எந்த ஸ்டீராய்டு, எத்தனை மில்லிகிராம், சிரையிலா நரம்பின் மேலா என்பது குறிப்பில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும். ஆறு வாரம் கழித்து வேறொரு மருத்துவர் ‘முதுகில் ஒரு ஊசி போட்டுப் பார்க்கலாமா’ என்று யோசிக்கும்போது, முன்பு கொடுத்த அளவையும் தேதியையும் அவர் தெரிந்துகொள்ள அந்த ஒரு வரிதான் இருக்கும்.